ஓட்டத் தெரிந்தால் போதுமா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

வண்டி வாங்கச் செல்பவர் முதலில் கேட்பது, "லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்?" என்பதே. "எத்தனை மீட்டரில் நிற்கும்?" என்று கேட்டவரை நான் இதுவரை கண்டதில்லை. ஓடுவதற்குத் தரும் மதிப்பை நிற்பதற்கு நாம் தருவதில்லை. இது பெருந்தவறு என்பதே என் கருத்து. இதை நான் பட்டறிந்தே எழுதுகிறேன்.

என் தந்தை ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். வாடகைக் கார் ஓட்டுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு விடுமுறையில், கொல்லிமலைக்குச் சென்ற சவாரியில் நானும் உடன் போனேன். இறங்கும்போது பாதி வளைவுகளைக் கடந்த நிலையில் பிரேக் பெடல் பஞ்சுபோல் அமுங்கியது. அப்பா பதறவில்லை. கியரைக் குறைத்தார், கைப்பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்தார், மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். சக்கரங்களிலிருந்து கருகிய வாடை வந்தது. அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. பிறகு மிதித்துப் பார்த்தால், பெடல் பழையபடி இறுகியிருந்தது!

இது என்ன மாயம்? மாயமே இல்லை நண்பர்களே, நாம் வகுப்பில் படித்த இயற்பியல்தான்.

சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் இரும்புத் தட்டுதான் டிஸ்க். காலிப்பர் என்னும் இடுக்கி அதன் இருபுறமும் பேடுகளை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரிலுள்ள திரவம் அழுத்தப்படுகிறது. அடைபட்ட திரவத்தில் அழுத்தம் எங்கும் சமமாகப் பரவும் என்னும் பாஸ்கல் விதிப்படி, சிறிய பிஸ்டனில் தந்த விசை காலிப்பரின் பெரிய பிஸ்டனில் பன்மடங்காகிப் பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்துகிறது. உராய்வினால் இயக்க ஆற்றல் வெப்பமாகிறது, வண்டி நிற்கிறது. இம்முறைக்கு இங்கிலாந்தின் லான்செஸ்டர் 1902-லேயே காப்புரிமை பெற்றார். 1953-இல் லெ மான்ஸ் பந்தயத்தில் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் வென்றபோது உலகத்தின் கண் அதன்மேல் திரும்பியது.

ஆயிரம் கிலோ எடையுள்ள கார் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நின்றால் எழும் வெப்பம் ஏறத்தாழ 1,39,000 ஜூல். அதே கார் 1000 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றலோ 98 லட்சம் ஜூல்! அதாவது 70 முறை நிறுத்துவதற்குச் சமம். கொல்லிமலைப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளும் 70 தான்! தாழ்ந்த கியரில் இறங்கினால் எஞ்சின் ஒரு பங்கைத் தாங்கும். மீதி பிரேக்கின் தலையில்தான்.

நாம் 'பிரேக் ஆயில்' என்று அழைக்கும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140 டிகிரிதான். கொதித்தால் ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கிவிடும். ஆறியதும் குமிழ் மறைய, பெடல் மீளும். "சரியாகிவிட்டது" என்று நினைப்பவர்தான் அடுத்த முறை ஏமாறுகிறார்.

பிரேக் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் கெடுகிறது. 'கீச்' என்றால் பேடிலுள்ள தகடு டிஸ்க்கைத் தொட்டு, "தேய்ந்துவிட்டேன்" என்கிறது. 'கரகர' என்றால் இரும்போடு இரும்பு உரசுகிறது; இனி ஒருநாளும் தாமதிக்கக் கூடாது. மிதிக்கையில் பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் டிஸ்க்கின் கனம் சீராக இல்லை. வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ஏதோ ஒரு காலிப்பர் இறுகிக் கிடக்கலாம். சூடில்லாதபோதும் பெடல் பஞ்சாயிருந்தால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. ஏர் எடுக்க வேண்டும். மிதித்தபடியே இருக்கையில் பெடல் மெல்ல இறங்கினால் ஒழுக்கு, அல்லது மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் பழுது. ஆயில் குறைந்தால் ஊற்றிவிட்டுப் போவது வைத்தியமாகாது. பேடு தேய்ந்ததா, எங்கேனும் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

மறுநாள் பட்டறையில் மெக்கானிக் அண்ணன் என்னிடம் சொன்னார்: "தம்பி, ஆயில் கருத்துப் போச்சு, மாத்திடுங்கன்னு ரெண்டு மாசம் முந்தியே சொன்னேன். உன் பரீட்சைப் பீசும் ஹாஸ்டல் பணமும் கட்டிட்டு வர்றேன்னு உங்கப்பா போயிட்டாரு."

நான் தலைகுனிந்து நின்றேன். பாஸ்கல் விதிக்கு நான் பரீட்சையில் மதிப்பெண் வாங்கிய மாதம் அது. அந்த விதி அப்பாவின் காலடியில் பழுதாகிக் கொண்டிருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஆகவே நான் கேட்பது இரண்டு. ஓட்டுநர் பயிற்சியில் கிளட்சும் கியரும் சொல்லித் தருவதுபோல், மேற்சொன்ன அறிகுறிகளையும் சொல்லித் தர வேண்டும். நம் கல்லூரியில் பாஸ்கல் விதி நடத்தும் வாரத்தில் ஒரு பிற்பகல் மாணவர்களைப் பட்டறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அதற்குப் பெரிய செலவில்லை. ஆசிரியப் பெருமக்கள் மனம் வைத்தால் போதும்.

இப்போது அப்பாவின் காரில் புது ஆயில். இரண்டு ஆண்டு கழித்து மாற்ற வேண்டிய தேதியை நானே எழுதி ஒட்டியிருக்கிறேன். எந்தக் கட்டணத்துக்காகவும் அந்தத் தேதியைத் தள்ளவிட மாட்டேன்.

ஓட்டக் கற்போம், நிறுத்தவும் கற்போம்!