நாக தோஷமும் சினைப்பையும்

நாஞ்சில் நாட்டில் கலியாணமாகி மூன்று வருஷத்திற்குள் ஒரு பெண்ணுக்குக் குழந்தை உண்டாகாவிட்டால், ஊரார் அவளுக்கு முதலில் காட்டும் வழி நாகர்கோவில் நாகராஜா கோவில்தான். ஆவணி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய்ப் பார்க்கிறவர்கள், கல் நாகங்களின் தலையில் பாலும் மஞ்சளும் கொட்டிக்கொண்டு நிற்கும் பெண்களை வரிசை வரிசையாகக் காணலாம். அவர்களில் சிலருக்கு 25, 30 வயதிலேயே மாதவிடாய் தவறித் தவறி, பிறகு நின்றும் போயிருக்கும். அதை வெளியில் சொல்ல வெட்கப்பட்டு, உடம்பில் திடீர் திடீரென்று காந்தல் ஏறுவதையும் இராத்திரியில் வியர்த்து விழிப்பதையும் மாமியாரிடமும் மறைத்து, தோஷம் கழியட்டும் என்று வருஷக்கணக்காய்க் காத்திருக்கிறார்கள்.

இது தோஷமல்ல, நோய். பெண் குழந்தை பிறக்கும்போதே அதன் இரண்டு சினைப்பைகளிலும் சுமார் 10 முதல் 20 லட்சம் முட்டைக் கருக்கள் இருக்கின்றன. ருதுவாகும் காலத்தில் அவை 3, 4 லட்சமாகக் குறைந்து, சாதாரணமாய் 45, 50 வயதில் தீர்ந்து போகின்றன. சிலருக்கு மாத்திரம் 40 வயதுக்கு முன்னாலேயே இந்தக் கையிருப்பு தீர்ந்துவிடுகிறது. அல்லது இருந்தும் வேலை செய்வதில்லை. நூற்றுக்கு ஒரு பெண்ணுக்கு இப்படி ஆகிறதென்று வெகுகாலம் சொல்லி வந்தார்கள். சமீபத்திய கணக்கு நூற்றுக்கு மூன்றுக்கும் மேல் என்கிறது. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டாக்டர் புல்லர் ஆல்பிரைட்டும் அவர் கூட்டாளிகளும் 1942-லேயே இதை வைத்திய சாஸ்திரத்தில் எழுதிவிட்டார்கள். குரோமோசோம்களிலுள்ள குறை, உடம்பின் காவல் சக்தியே சொந்த உறுப்பைத் தாக்குவது, புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்தும் கதிரும், சினைப்பையில் செய்த ஆப்பரேஷன் ஆகியவை தெரிந்த காரணங்கள். அநேகருக்குக் காரணம் இன்னதென்று விளங்குவதில்லை. விளங்காததை விளங்கவில்லை என்று வைத்தியர் ஒப்புக்கொள்கிறார். ஜோசியரோ அந்தக் காலி இடத்தில் ஒரு பாம்பைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்.

பாம்புதான் காரணமென்றால் ஒன்று கேட்கிறோம். அயர்லாந்திலும் நியூசிலாந்திலும் இயற்கையாய்த் தரைப் பாம்பே கிடையாது. அந்தத் தேசத்துப் பெண்களுக்கும் இதே நோய் வருகிறதே, அவர்கள் எந்தப் பாம்பை அடித்தார்கள்?

மலடியானவளை எட்டாவது வருஷத்தில் ஒதுக்கிவிட்டு வேறொருத்தியைக் கொள்ளலாம் என்று மனு எழுதி வைத்தான். 1955-ம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் இரண்டாந்தாரத்தைத் தடுத்துவிட்டது. ஆனால் அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமலிருப்பதை எந்தச் சட்டம் தடுத்தது?

நிற்க. நம் தோழர்களிடமும் ஒரு குறை உண்டு, அதை மறைப்பதற்கில்லை. தோஷத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுங்கூட மனைவியை டாக்டரிடம் அழைத்துப் போனால் குழந்தை பிறக்குமா என்ற ஒரு கேள்விதான் கேட்கிறார்கள். பிறப்பது கஷ்டம் என்று தெரிந்ததும் சீட்டை மடித்து வைத்துவிடுகிறார்கள். கோவிலுக்குப் போனவனுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போனவனுக்கும் பெண் என்றால் கர்ப்பப்பை மாத்திரந்தானா? சினைப்பை குழந்தைக்காக மட்டும் உள்ள உறுப்பல்ல. அது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் அவள் எலும்பைக் கெட்டியாக வைத்திருக்கிறது, இருதயத்துக்கும் காவலாயிருக்கிறது. 30 வயதில் அது நின்றால் 50 வயதில் இடுப்பெலும்பு முறியக்கூடும். இருதய நோயும் முந்திக்கொண்டு வரக்கூடும். இரண்டு பிள்ளை பெற்ற பிறகு 34 வயதில் தீட்டு நின்றவள் "சனியன் விட்டது" என்று சந்தோஷப்படுகிறாள். அவளுக்கும் இதே ஆபத்துதான். கலியாணமே வேண்டாமென்றிருப்பவளுக்கும் அப்படியே.

வைத்தியமோ அதிசயமானதல்ல. கர்ப்பமில்லாமலே நாலு மாதம் தீட்டு வராமலிருந்தால் இரத்தத்தைச் சோதிக்க வேண்டும். சினைப்பை வேலை செய்யாதபோது அதைத் தட்டி எழுப்ப மூளையடிச் சுரப்பி எஃப்.எஸ்.எச். என்னும் ஹார்மோனை அதிகமாய் விடும். அது 25 யூனிட்டுக்கு மேலிருந்தால் பெரும்பாலும் சங்கதி தெரிந்துவிடும். குறைந்துபோன ஹார்மோனை மருந்தாகக் கொடுத்து, சுமார் 50 வயது வரை தொடர வேண்டும். ஹார்மோன் மாத்திரை புற்றுநோயைக் கொண்டுவரும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. வயதானவர்கள் எடுத்துக்கொள்வது வேறு. இந்த வயதில் உடம்பே சுரந்திருக்க வேண்டியதைத்தான் இங்கே ஈடு செய்கிறார்கள். மார்புப் புற்றுநோய் வந்தவர்கள் போன்ற சிலருக்கு மாத்திரம் அது ஆகாது. அதை டாக்டர் சொல்லுவார். குழந்தை விஷயத்திலும் கதவு அடியோடு மூடிவிடவில்லை. நூற்றில் ஐந்து பேருக்குத் தாமாகவே கர்ப்பம் தரிப்பதுண்டு. வேறு பெண்ணின் முட்டையைக் கொண்டு பெறுவதற்கு 2021-ம் வருஷத்துச் சட்டம் விதிகள் வகுத்திருக்கிறது. தத்தெடுப்பதற்கும் தடையில்லை.

நெய்யூரில் 1838-லேயே மிஷன் வைத்தியம் தொடங்கிய ஜில்லா இது. ஆசாரிபள்ளத்து அரசாங்க மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி நாகராஜா கோவிலிலிருந்து சில மைல் தூரந்தான். அடுத்த ஆவணிக்கென்று பாலுக்கு ஒதுக்கிய காசைப் பஸ்ஸுக்குக் கொடுத்து ஒரு திங்கட்கிழமை காலையில் அங்கே போகலாம். புருஷனும் கூடப் போய்த் தன்னையும் சோதித்துக்கொள்ளட்டும். குழந்தை பிறக்குமா என்று கேட்பதற்கு முன்னால், இவள் எலும்புக்கும் இருதயத்துக்கும் என்ன செய்யவேண்டும் என்று அவன் வாயால் கேட்கட்டும்.