ஹெரால்டும் மூலபாடமும்

திருவள்ளூரில் நமது வீட்டுக் கொட்டகையில் 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் ஒன்று இரண்டாண்டுகளாகப் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கிறது. மாமனார் ஓட்டியது, வண்டலூர்த் தொழிற்சாலையில் பிறந்தது. அதைப் பழைய நிலைக்கு மீட்பதா, மாற்றியமைத்து ஓட்டுவதா என்று மைத்துனருக்கும் நமக்கும் மூண்டிருக்கும் வழக்கு பதிப்பியல் அறிந்தோர்க்கு அந்நியமானதன்று. ஆகவே இங்கு எழுதத் துணிந்தோம்.

மைத்துனரின் கட்சி எளியது. 948 சிசி எஞ்சினைத் தூக்கிவிட்டு மாருதி எஞ்சினை வைத்தால் சாவியைத் திருப்பியதும் கிளம்பும், ஏசியும் போட்டுக்கொள்ளலாம். "மாமா, ஓடாத வண்டி ஒரு வண்டியா?" என்கிறார். உதிரிப்பாகம் கிடைக்காது என்பதும் மெய்யே. நம்மூர் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் உருவான மிட்சுபிஷி லான்சருக்கே இன்று பாகம் தேடி அலைய வேண்டியிருக்கிறது, ஹெரால்டைக் கேட்பானேன்.

ஆயினும் எஞ்சின் மாற்றிய ஹெரால்டு, சிதைந்த அடிகளை ஏடெழுதியவன் தன் சொற்களால் நிரப்பிய சுவடி போன்றது. உ.வே.சா. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அதன் 267, 268ஆம் பாடல்கள் இன்றும் வெற்றிடங்களே. இரண்டு பாடல் கட்டிச் சேர்ப்பது அவருக்கு அரிதா?

ஆனால் பழமையைக் காப்பதாகச் சொல்வோரும் மூலத்தைச் சரியாகப் படித்துவிடுவதில்லை. ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டு, கீழே ட்ரன்னியன் என்னும் வெண்கலப் பாகத்தில் மரையிட்டுப் பொருந்தி நிற்கும். வண்டி திரும்புகையில் அம்மரையிலேயே சுழலும். அதற்கு இடவேண்டியது கியர் ஆயில். நமது வண்டிக்கோ பல்லாண்டுகளாகக் கிரீஸே அடித்திருக்கிறார்கள். கிரீஸ் இறுகினால் மரைக்கு எண்ணெய் சேராது. துரு ஏறித் தண்டு ஒருநாள் முறியும், சக்கரம் மடங்கும். இது ஏடெழுதியோர் பிழையேயன்றி வேறென்ன?

தேய்ந்த பாகத்தைக் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கமுள்ள லேத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனோம். மேஸ்திரி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கிரீஸ் வெச்சே கொன்னுட்டாங்க சார். எண்ணெய் குடிக்கிற சாமான் இது" என்றார். கையேடு எதையும் அவர் கண்டதில்லை. தேய்மானத்தைக் கொண்டே மூலபாடத்தைக் கண்டுவிட்டார். பட்டறைக்கு வெளியே பழைய இரும்பு ஏற்றிய லாரிகள் உருக்காலைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றில் நசுங்கிய பியட் கதவொன்று துருத்திக்கொண்டிருந்தது.

எல்லா மாற்றத்தையும் நாம் மறுக்கவில்லை. சீட் பெல்ட் வேண்டும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டரும் இருக்கட்டும். இவை குறிப்புரைகள், கழற்றினால் மூலம் அப்படியே நிற்கும். சேசிஸை அறுத்துப் பொருத்தும் எஞ்சின் அத்தகையதன்று. பதிவுச் சான்றின் விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என உச்ச நீதிமன்றமும் 2019இல் சொல்லிவிட்டது.

2021இல் வந்த மத்திய அரசு விதியோ மறுகோடிக்குப் போகிறது. 50 ஆண்டு கடந்த, பெரிதும் மாற்றப்படாத வண்டிகளுக்கு 20,000 ரூபாய்க் கட்டணத்தில் 'விஏ' எழுத்துடன் தனிப் பதிவு. ஆனால் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பராமரிப்பு போன்றவற்றுக்கன்றிச் சாலையில் ஓட்டக்கூடாது. நூலைப் பதிப்பித்து அலமாரியில் பூட்டுவதற்கு ஒப்பானது இது. நமக்கு அந்த எழுத்து வேண்டாம். மாமனாரின் பழைய எண்ணையே புதுப்பித்துக்கொண்டு, ஞாயிறு மாலைகளில் பூண்டி ஏரிவரை போய்வரவே விருப்பம்.

புதிய ட்ரன்னியன் அடுத்த வாரம் வரும். கியர் ஆயில் டப்பாவை மைத்துனரே வாங்கி வைத்துவிட்டார். மாருதி எஞ்சினுக்குக் கொடுத்த முன்பணத்தை மட்டும் இன்னும் திரும்பப் பெறவில்லை.