பாட்டிக்குப் போடுற கணக்கைப் பேத்திக்குப் போடலாமா?

வயசுப் பிள்ளைகளுக்கு எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுக்கிற விஷயத்தில் நடக்கிற ஒரு கூத்தைப் பற்றி எழுதியே ஆகணும் என்றுதான் பேனாவை எடுத்தேன்.

என் அக்கா மகளுக்கு 13 வயசு. பிறவியிலேயே எலும்பு சட்டென்று உடைகிற நோய். 'ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பெர்ஃபெக்டா' என்று வாயில் நுழையாத பேர். பதினைந்து, இருபதாயிரம் பேரில் ஒருத்தருக்கு வருமாம். தொட்டியத்திலிருந்து முசிறி வழியாக பஸ்ஸில் குலுங்காமல் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப் போவதே பெரும்பாடு. அப்படிப் போய் எடுத்த ஸ்கேனில், 'கடுமையான எலும்புத் தேய்மானம்' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். அக்காவுக்கு மூணு நாள் சோறு இறங்கவில்லை. போதாக்குறைக்கு, "பாலும் முட்டையும் ஒழுங்கா கொடுத்து வளர்த்திருந்தா இப்படி ஆகுமா?" என்று வீட்டுப் பெரியவர்களின் பேச்சு வேறு!

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். அதில் இருந்தது 'டி ஸ்கோர்'. நல்ல வாலிப வயசில் இருப்பவர்களின் எலும்போடு ஒப்பிட்டுச் சொல்கிற கணக்கு அது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வயசானவர்களுக்கும் சரி. வளர்கிற பிள்ளைக்கு அந்த எலும்பு எப்படிங்க இருக்கும்? பிள்ளைகளுக்குப் பார்க்க வேண்டியது 'இசட் ஸ்கோர்', அதாவது அதே வயசு, அதே பாலினப் பிள்ளைகளோடு ஒப்பிடுவது. அது மைனஸ் 2, அல்லது அதற்கும் கீழே போனால்தான் வயசுக்குக் குறைவு என்று சொல்வார்களாம். அதை மட்டும் வைத்தும் முடிவு கட்டக் கூடாது, முதுகெலும்பு நசுங்கியிருக்கா, எத்தனை முறிவு என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

இன்னொரு சிக்கல் உயரம். இந்த நோய் உள்ள பிள்ளைகள் பலர் குள்ளமாக இருப்பார்கள். மெஷின் எலும்பின் கனத்தைப் பார்ப்பதில்லை, அது விழுகிற பரப்பை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஒரே மாவில் சின்ன இட்லியும் பெரிய இட்லியும் ஊற்றினால், பெரியது தடிமனாக இருக்கும், பரப்புக்கு எடை கூடவே காட்டும். அதற்காகச் சின்ன இட்லி மட்டமான மாவா? உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்பது இதனால்தான். காலில் கம்பி வைத்த பிள்ளைக்கு அந்தக் கம்பியும் கணக்கைக் கெடுக்கும், அதனால் பெரும்பாலும் முதுகெலும்பில் பார்ப்பார்கள்.

கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். கட்டடத்தில் கால்சியம் சிமென்ட் மாதிரி, கொலாஜன் கம்பி மாதிரி. இந்தப் பிள்ளைகளுக்கு ஜீன் கோளாறால் கம்பியே பழுது. தாய் வளர்ப்பில் குறை ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் ஸ்கேன் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். டிரிப்ஸில் ஏற்றுகிற மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய அதுதான் வழி. ஊசி கிடையாது, வலி கிடையாது, சில நிமிஷம் அசையாமல் படுத்தால் போதும். கதிர்வீச்சும் நெஞ்சு எக்ஸ்ரேயை விடக் குறைவு. ஒவ்வொரு தடவையும் அதே மெஷினில் எடுப்பது நல்லது, மெஷினுக்கு மெஷின் எண் மாறும்.

இதே நோயோடு 16 முறிவும் 8 ஆபரேஷனும் கண்ட உம்முல் கேர் என்ற ராஜஸ்தான் பெண், 2016 சிவில் சர்வீஸ் தேர்வில் 420-வது இடம் பிடித்தார். டெல்லியில் குடிசைப் பகுதியில் வளர்ந்தவர். இப்படிப்பட்ட பிள்ளைகளைத்தான் நாம் 'இது எதுக்கும் ஆகாது' என்று மூலையில் உட்கார வைக்கிறோம்.

மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் இந்த நோயும் அதற்கான மருந்தும் இடம் பெற்றிருக்கின்றன. கொள்கை காகிதத்தில் இருந்தால் எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு என்ன லாபம்? பிள்ளைகளுக்கு ஸ்கேன் எடுக்கும் எந்த மையமும் இசட் ஸ்கோரையும் உயரத்தையும் போடாமல் ரிப்போர்ட் தரக் கூடாது என்று அரசு உத்தரவு போட வேண்டும். அதுவரை தாய்மார்களே, பணம் கட்டுவதற்கு முன்னாடியே கவுன்ட்டரில் கேளுங்கள்: "எந்த ஸ்கோர் போடுவீங்க?"

- ஒரு வாசகி, தொட்டியம்