பெயரைத் திருத்தப் போனால் பேர் போகிறது



இம்முறை ஒரு கடன் விண்ணப்பத்தின் கதையை உங்கள் முன் வைக்கிறோம். நம் சங்கத்துப் பெண் ஒருவர். அவரை ராமாயி என்று அழைப்போம். சொந்தப் பெயர் அதுவல்ல. இருபத்திரண்டு வருடமாகக் கொழுந்து பறிப்பவர். அவருடைய மாமன் குடும்பம் 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தை விட்டு வடக்கே போய், கடைசியில் உரும்பிராயில் தோட்ட வேலை செய்து அங்கேயே தங்கிவிட்டது. அங்கே தோட்டம் என்றால் வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும்தான், தேயிலை அல்ல. மாமன் வீட்டார் பார்த்துக் கொடுத்த இரண்டு பரப்புக் காணியை ராமாயியும் கணவரும் நகையை விற்று வாங்கினார்கள். வேலையை விட்ட பிறகு லயத்துக் காம்பராவில் முடங்காமல் சொந்த வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. வீடு கட்டக் கையில் காசு இல்லை. ராமாயியின் ஊழியர் சேமலாப நிதியை ஈடாக வைத்து வீட்டுக் கடன் கேட்டார்கள்.

விண்ணப்பம் மூன்று தடவை திரும்பி வந்தது.

முதல் தடவை, பெயர். அடையாள அட்டையில் தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு 'இராமாயி'. சேமலாப நிதிக் கணக்கில் புருஷன் பெயரின் முதலெழுத்தோடு 'ராமாயி'. ஆங்கிலத்தில் எழுதும்போது இரண்டும் இரண்டு ஆட்களாகிவிட்டன. இரண்டாம் தடவை, அடையாள அட்டை இலக்கம். இரண்டு எண்கள் இடம் மாறியிருந்தன. மூன்றாம் தடவை, காணி. விற்றவர் பழைய ஈட்டுக் கடனை எப்போதோ கட்டி முடித்திருந்தார். ஆனால் காணிப் பதிவகத்தில் அந்த ஈடு நீக்கப்படாமல் அப்படியே கிடந்தது.

ஒவ்வொரு தடவையும் காரியாலயம் ஏறி இறங்கிய நாளுக்குப் பேர் இல்லை. பெயரைத் திருத்தப் போய்ப் பேரை இழந்தார். அதற்குள் மேசனுக்கு முற்பணம் கொடுக்க வெளியில் வாங்கிய காசு வட்டியோடு ஏறிக்கொண்டிருந்தது. ஒரு எழுத்துப் பிழைக்கு ஏழைக் குடும்பம் கொடுக்கும் விலை இதுதான்.

இந்தக் கடன் யாரும் நமக்குப் போடும் பிச்சை அல்ல. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தின்படி நம் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் பிடிக்கப்படுகிறது; தோட்ட நிர்வாகம் 12 சதவீதம் சேர்க்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அங்கத்தவர் தம் கணக்கில் உள்ள மிகுதியில் 75 சதவீதம் வரை ஈடாகக் காட்டி வீட்டுக் கடன் பெற வழி செய்தது. அதற்கான சான்றிதழைத் தொழில் திணைக்களம் கொடுக்கும். கடனை வங்கி கொடுக்கும். காணி உறுதி இல்லாத லயத்து மனிதருக்கு, அடகு வைக்க நகையும் தீர்ந்துபோனால், மிஞ்சியிருக்கும் ஒரே ஈடு இந்த நிதிதான். ஆனால் அது நம் பெயரில் இருக்கிறது என்று தாளில் நிரூபித்தால்தான் கைக்கு வரும்.

தாளால் தள்ளப்படுவது நம் சமூகத்துக்குப் புதிதல்ல. 1948இல் குடியுரிமை பறிபோன பின், 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் வதிவிடச் சட்டத்தின் கீழ் சுமார் 825,000 பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. பிரஜைகளாகப் பதியப்பட்டவர்கள் சுமார் 134,000 பேர் மட்டுமே. அற்பமான ஆவணக் குறைகளைக் காட்டியும் மனுக்கள் நிராகரிக்கப்பட்டன என்பதை நம் பெரியவர்கள் மறக்கவில்லை. அன்று போனது நாடு. இன்று போவது ஒரு வீடு. இரண்டிலும் பாடம் ஒன்றுதான்: தாளை நாம் பார்க்காவிட்டால், நமக்கு எதிராக நிற்கும்.

ஆகவே, எந்தக் கடனுக்கும் போவதற்கு முன் வீட்டில் ஒரு மாலை ஒதுக்குங்கள். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ், சேமலாப நிதிக் கணக்குக் கூற்று, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் பாயில் வரிசையாக வையுங்கள். படிக்கிற பிள்ளையைப் பக்கத்தில் வைத்து, பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுத்தெழுத்தாக ஒப்பிடச் சொல்லுங்கள். முதலெழுத்து தகப்பனுடையதா, கணவருடையதா என்று பாருங்கள். எல்லாத் தாளிலும் ஒரே பெயர், ஒரே எழுத்து இருக்க வேண்டும்.

அடுத்து அடையாள அட்டை இலக்கம். பழைய அட்டையில் முதல் இரண்டு எண் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று எண் அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் பிறந்தோம் என்பது. பெண்ணென்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 1980 பெப்ரவரி முதலாம் தேதி பிறந்த பெண்ணின் இலக்கம் 80532 என்று தொடங்கும். அதை 80352 என்று எழுதிவிட்டால் டிசம்பரில் பிறந்த ஓர் ஆணாகிவிடுவார்! கடைசி எழுத்து 'வீ'யா 'எக்ஸ்'ஸா என்றும் பாருங்கள். அட்டை கொடுத்த காலத்தில் வாக்குரிமை இல்லாதவருக்குப் போட்டது 'எக்ஸ்'. புதிய அட்டைக்கு 12 எண்கள். பழைய இலக்கத்தில் கணக்கு இருந்து கையில் புதிய அட்டை இருந்தால் இரண்டின் பிரதியையும் கொண்டு போங்கள்.

காணி சம்பந்தப்பட்டால் இன்னும் கவனம் வேண்டும். காணியை ஈடு வைக்கும் உறுதி நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். பிறகு காணிப் பதிவகத்தில் பதியப்பட வேண்டும். வாங்குவதற்கு முன்பே பதிவகத்தில் தேடிப் பார்த்து, பழைய ஈடோ ஒற்றியோ இருந்தால் விற்பவரைக் கொண்டே அதை நீக்குவியுங்கள். கடன் தீர்ந்தால் போதாது. தீர்ந்தது என்று பதிவிலும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் காணியை ஈடு வைக்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மலையகத்திலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்துமா என்பது, அவர்கள் வடக்கில் நிரந்தரமாக வாழ்கிறார்களா என்பதைப் பொறுத்தது. உறுதி எழுதும் முன்பே நொத்தாரிசிடம் கேட்டுவிடுங்கள்.

படிவத்தில் வெற்றிடம் விட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். பிழை வந்தால் மை பூசி மறைக்காமல், புதுப் படிவம் கேளுங்கள். மூலப் பத்திரங்களைத் தரகர் கையில் கொடுக்காதீர்கள். ஒப்படைத்த நாளுக்குத் திகதி முத்திரையோடு பற்றுச்சீட்டு வாங்குங்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 'இது ஒன்றுதான் குறையா, வேறும் உண்டா?' என்று அன்றைக்கே கேட்டுவிட்டால் இரண்டாவது பயணம் மிச்சம்.

ஒன்றை மறக்க வேண்டாம். தவணை கட்டாமல் விட்டால் அந்தப் பணம் நம் சேமலாப நிதியிலிருந்துதான் போகும். வீட்டுக்கென்று எடுத்ததைக் கலியாணத்துக்கும் சடங்குக்கும் செலவழித்தால், வயதான காலத்தில் வீடும் இருக்காது, நிதியும் இருக்காது.

இத்தனையும் சொன்ன பிறகு, பழியைத் தொழிலாளியின் தலையில் மட்டும் போட நாங்கள் தயாராக இல்லை. ராமாயி தன் பெயரைத் தானே பிழையாக எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ காதில் கேட்டபடி செக்ரோலில் எழுதினார். அதைப் பார்த்து இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுதினார். இருபத்திரண்டு வருடம் யாரும் அவரிடம் காட்டிச் சரிபார்க்கவில்லை. மாதாமாதம் பணம் பிடிக்கும்போது அந்தப் பெயர் நிர்வாகத்துக்குச் சரியாகத்தான் இருந்தது. பணம் கேட்கும்போதுதான் பிழையாகிறது.

எனவே தோட்ட நிர்வாகங்களிடம் நாங்கள் கேட்பது மூன்று. வருடத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவருடைய சேமலாப நிதி விபரத்தைக் காட்டிக் கையொப்பம் வாங்க வேண்டும். காரியாலயத்தில் நேர்ந்த பிழையைத் திருத்துவதற்கான கடிதத்தைக் காரியாலயமே எழுதி அனுப்ப வேண்டும். அதற்காகப் போகும் நாளுக்குப் பேர் போட வேண்டும். பிடித்த பணத்தைத் தாமதமின்றிக் கட்ட வேண்டும், ஏனெனில் நிலுவை விழுந்த கணக்கில் ஈடும் குறைகிறது.

எங்கள் பங்குக்கு ஒன்று. உங்கள் தாள்களைத் தோட்டக் கமிட்டித் தலைவரிடமோ மாதர் தலைவியிடமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை கொண்டு வாருங்கள். சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம். ராமாயியின் நான்காவது விண்ணப்பத்தை அப்படித்தான் பார்த்தோம். அது திரும்பி வரவில்லை.