பனியும் ரத்தமும்

கௌபாய்ப் படத்தைப் பாலைவனத்திலிருந்து கிளப்பிப் பனிமலையில் கொண்டுபோய் இறக்கிவிட்டால் அது கலைப்படமாகிவிடும் என்று ஒரு கட்சி இருக்கிறது. நல்ல ரசனை உள்ளவர்களே இப்படிச் சொல்கிறார்கள். வெயிலில் ஒருவன் சுடப்பட்டு விழுந்தால் அது மலிவான பரபரப்பு. பனியில் விழுந்தால் கவிதையாம்! வெள்ளையின்மேல் சிவப்பு எடுப்பாகத் தெரியும் என்பது எந்த ஜவுளிக்கடைச் சிப்பந்திக்கும் தெரிந்த சங்கதி. அதைச் சொல்ல ஒரு டைரக்டர் வேண்டியதில்லை.

பனி இந்தப் படங்களுக்குச் செய்யக்கூடிய உபகாரமே வேறு. கொலையை அது கஷ்டமான காரியமாக்குகிறது. வெயிலூர்க் கௌபாய் கண் இமைக்கும் நேரத்தில் நாலு பேரைச் சாய்த்துவிட்டுக் குதிரையேறிப் போய்விடுவான். பனியில் குதிரை மார்பளவு புதைகிறது. விரல் மடங்க மறுக்கிறது. துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஒன்றுபோல் மூச்சு முட்டுகிறது. ஒருவனைக் கொல்ல இத்தனை பாடா என்று பார்க்கிறவனுக்குத் தோன்றுகிறதே, அந்த ஒரு எண்ணத்துக்காகத்தான் இந்தப் படங்களை நான் தேடிப் பார்க்கிறேன்.

என் கட்சிக்குச் சாட்சி, 1959-இல் ஆந்த்ரே டி டாத் எடுத்த 'டே ஆஃப் தி அவுட்லா'. கறுப்பு வெள்ளைப் படம். சிவப்புக்கு அதில் இடமே இல்லை. முள்வேலித் தகராறில் ஒரு குடியானவனைச் சுட்டுவிடத் துணிந்து நிற்கிறான் கதாநாயகன் (ராபர்ட் ரையன்). வேலி ஒரு சாக்கு. அந்தக் குடியானவனின் மனைவிமேல் இவனுக்கு ஆசை. அந்தச் சமயம் பார்த்து ஒரு கொள்ளைக்கூட்டம் ஊருக்குள் நுழைந்துவிடுகிறது. ஊரைக் காப்பாற்ற, மலையைக் கடக்க வழி காட்டுவதாகச் சொல்லி அவர்களைப் பனிக்குள் அழைத்துப் போகிறான். வழி ஏதும் கிடையாது. கடைசியில் இவனைச் சுடத் துப்பாக்கியைத் தூக்குகிறான் ஒருவன். விரல் விறைத்துப்போய் விசையை இழுக்க முடியவில்லை. கதாநாயகனின் வீரம் அங்கே ஒன்றும் செய்யவில்லை. குளிர் செய்கிறது. வேறு எந்தக் கௌபாய்ப் படத்திலும் துப்பாக்கி எனக்கு இவ்வளவு அற்பமான பொருளாகத் தெரிந்ததில்லை.

இத்தாலியரான செர்ஜியோ கோர்புச்சியின் 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) விஷயத்தில் என் மனம் இரண்டுபட்டே இருக்கிறது. பசிக்குத் திருடி மலையில் ஒளிந்திருப்பவர்களின் தலைக்கு விலை வைத்திருக்கிறது சட்டம். விலைக்குக் கொல்லுகிறவர்கள், பிணங்களைப் பனியில் புதைத்துவைத்துவிட்டு, சாவகாசமாக வண்டியோடு வந்து எடுத்துப்போய்ப் பணம் வாங்குகிறார்கள். பிணம் கெடாதல்லவா! பனியை இவ்வளவு கொடூரமாகவும் இவ்வளவு நியாயமாகவும் உபயோகித்த காட்சி வேறு இல்லை. கதாநாயகன் சாகிறான், அவனை நம்பியவர்களும் சாகிறார்கள், எல்லாம் சட்டப்படியே என்று கொலைகாரர்கள் குதிரையேறிப் போகிறார்கள். இதைத் தாங்கமாட்டாதவர்களுக்கென்று கதாநாயகன் பிழைக்கும் முடிவு ஒன்றையும் எடுத்துவைத்தார்கள் என்பது சினிமா வியாபாரத்தின் லட்சணம். என் புகார் அதுவல்ல. எதிரியின் கட்டைவிரலைச் சுட்டுத் தெறிக்கவிடும் வித்தையைக் காட்டி நம்மைக் கை தட்டவைத்துவிட்டு, பிறகு கொலையைக் கண்டு அழச் சொல்கிறாரே, இரண்டையும் ஒரே டிக்கட்டில் எப்படிக் கேட்பது?

ராபர்ட் ஆல்ட்மன் 1971-இல் எடுத்த 'மெக்கேப் அண்ட் மிஸஸ் மில்லர்' கை தட்டக் கேட்பதில்லை. ஊரெல்லாம் தீப்பிடித்த மாதாகோயிலை அணைக்க ஓடுகிறது. சுரங்கக் கம்பெனியின் அடியாட்களோடு தனியே மல்லாடி, குண்டு பட்டு, பனியில் உட்கார்ந்தபடியே சாகிறான் மெக்கேப். ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பனி அவனை மூடிக்கொண்டே இருக்கிறது.

குவென்டின் டாரன்டினோவின் 'தி ஹேட்ஃபுல் எய்ட்' (2015) பனிப்புயலில் ஆரம்பிக்கிறது. ஒரு வழித்தங்கல் விடுதி, தாழ்ப்பாள் போன கதவு. வருகிறவன் ஒவ்வொருவனும் உதைத்துத் திறந்து, பலகை வைத்து ஆணி அடித்துச் சாத்தவேண்டும். அந்தக் கதவுக்காக அவருக்கு எவ்வளவு மார்க் வேண்டுமானாலும் போடுவேன். நடிகர்களின் வாயில் ஆவி தெரிய ஸ்டூடியோவையே குளிரூட்டினாராம். அப்புறம்? காப்பியில் விஷம், குடம் குடமாக ரத்த வாந்தி, விலங்கு மாட்டிய பெண்ணை அடிப்பதே ஒரு ஹாஸ்யம். அதற்குள் குளிர் போன இடம் தெரியவில்லை. இதே கூத்தைக் கோடைக்காலத்தில் நடத்தியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

வன்முறையே இல்லாமல் படம் எடுக்கக் கூடாதா என்று ஒரு வாசகர் கேட்கலாம். எடுக்கலாம், அது வேறு படம். துப்பாக்கியைத் தூக்கினால் அதன் பாரத்தையும் காட்டு என்பதுதான் என் கோரிக்கை.

அதே வருஷம் வந்த 'தி ரெவனன்ட்' படத்தின்மேல் எனக்குக் கோபமே உண்டு. டைரக்டர் இன்யாரிட்டுவுக்கும் கதாநாயகன் டிகாப்ரியோவுக்கும் ஆஸ்கார் வாங்கித் தந்த படம். ஹ்யூ கிளாஸ் என்ற வேட்டைக்காரன் நிஜ மனிதன். 1823-இல் கரடி அவனைக் குதறியது. கூட இருந்த இருவர் சாகட்டும் என்று விட்டுப் போனார்கள். அவன் தவழ்ந்தே பிழைத்து வந்தான். அது கோடையின் முடிவு. படத்திலோ உறைபனி! கனடாவில் பனி உருகிவிட்டதென்று படக்கோஷ்டி அர்ஜென்டினாவரை போய்ப் பனியைத் தேடிப் பிடித்தது. கதையில் இல்லாத ஒரு மகனை உண்டாக்கி, அவனைக் கொல்லவைத்து, அதற்குப் பழிவாங்கும் சண்டையைப் பனியில் வைத்தார்கள். பழி கடவுளின் கையில் என்று சொல்லிவிட்டு, எதிரியை ஆற்றோடு விட்டு, அக்கரையில் அவனைக் கொல்லக் காத்திருப்பவர்களிடம் சேர்ப்பிக்கிறான் படத்துக் கிளாஸ். நிஜக் கிளாஸ், விட்டுப்போன இருவரில் இளையவனை மன்னித்தான் என்றும், மற்றவன் அதற்குள் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதால் அவனிடமிருந்து தன் துப்பாக்கியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு போனான் என்றும்தான் வழிவழியாகச் சொல்லிவந்திருக்கிறார்கள்.