‘ஜகாட்’ படத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டலாமா? எங்கள் நிலைப்பாடு

பிறை வட்டாரத்து இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் குண்டர் கும்பலைப் பற்றிய படங்களைத் திரையிடலாமா என்று பெற்றோர் பலர் கேட்கிறார்கள். திரையிட வேண்டும், பெற்றோரும் உடன் அமர்ந்து பார்க்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. ‘நல்லா படிக்கிற பையன் அந்தப் பக்கம் போக மாட்டான்’ என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. எத்தனை ஏ என்று எண்ணிப் பார்த்ததோடு திருப்தி அடைந்துவிடுகிறோம். அவன் யாரோடு பழகுகிறான், எதை நினைத்துப் புழுங்குகிறான் என்று கேட்பதில்லை. 2021இல் ஆரம்பப்பள்ளி முடிவில் எழுதும் யூபிஎஸ்ஆர் தேர்வையே நீக்கிவிட்டார்கள். எண்ணும் பழக்கம் மட்டும் இடைநிலைப்பள்ளி முடிவில் வரும் எஸ்பிஎம் தேர்வு வரைக்கும் தொடர்கிறது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. ஜஸ்டின் லின் இயக்கிய ‘பெட்டர் லக் டுமாரோ’ 2002இல் அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. அதில் வரும் ஆசிய அமெரிக்கப் பையன்கள் வகுப்பில் முதல் வரிசை. கதாநாயகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்காக ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்கிறான். அதே பையன் தேர்வு மோசடியில் தொடங்கி, திருட்டு, போதைப்பொருள் என்று இறங்கிக் கொலையில் போய் நிற்கிறான். ‘மாதிரி மாணவன்’ என்ற பெயர் இருந்ததால் எந்தப் பெரியவருக்கும் சந்தேகம் வரவில்லை. வறுமை இல்லாத வீட்டிலும் இது நடக்கும் என்பதற்காகவே இந்தப் படத்தைச் சொல்கிறோம்.

நமக்கு நெருக்கமானது சஞ்சய் குமார் பெருமாளின் ‘ஜகாட்’. 2015 டிசம்பரில் வெளிவந்து, மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானது. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கு வீடுகளில் ஒண்டிய 1990களின் குடும்பம் அது. அந்த வீட்டுப் பையன் அப்போய்க்குப் பன்னிரண்டு வயது. கெட்டிக்காரன், கற்பனை மிகுந்தவன். மகன் படித்து மேலே வரவேண்டும் என்று தவிக்கும் அப்பா, அதைப் பிரம்பால் மட்டுமே சொல்லத் தெரிந்தவர். குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா மெக்சிகோவிடம் பையன் மனம் ஒட்டிக்கொள்கிறது. புத்தி குறைந்ததால் அவன் வழி தவறவில்லை. அந்தப் புத்தியை மதிக்கும் இடம் அங்கேதான் இருப்பதாக அவனுக்குத் தோன்றியது. எங்கள் வாதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இப்படிப்பட்ட படங்கள் சமூகத்தின் மானத்தை வாங்குகின்றன என்பது முதல் மறுப்பு. சன்டான்ஸில் ‘பெட்டர் லக் டுமாரோ’ திரையிட்டபோதும் ஒருவர் எழுந்து, உங்கள் இனத்தை இப்படிக் காட்டலாமா என்று கேட்டார். விமர்சகர் ரோஜர் ஈபர்ட் எழுந்து நின்று, வெள்ளையர் படத்தைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லையே என்று வாதாடினார். நாங்களும் அவர் பக்கமே. 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்து, 40,313 உறுப்பினர்களில் 28,926 பேர் இந்தியர்கள் என்றது. மக்கள்தொகையில் நாம் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேர். அந்தக் கணக்கு எப்படி எடுக்கப்பட்டது என்று கேள்வி எழுப்ப நமக்கு உரிமை உண்டு. ஆனால் அது வந்தபோது ‘ஜகாட்’ திரைக்கு வரவே இல்லை. மானம் போனது படத்தால் அல்ல.

பிள்ளைகள் பார்த்ததைச் செய்வார்கள் என்ற இரண்டாவது அச்சத்தை நாங்கள் தள்ளிவிடவில்லை. கத்தியோடு வருபவனைக் கைதட்டி வரவேற்கும் படங்களைக் கைப்பேசியில் அவர்கள் தனியாகவே பார்க்கிறார்கள். பேச ஆள் இல்லாமல் பார்ப்பதுதான் கெடுதல். ஆகவே ஆரம்பப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இதைக் காட்டச் சொல்லவில்லை. படம் முடிந்ததும் ஒரு மணி நேரமாவது பேச்சுக்கு ஒதுக்காத திரையிடலை நாங்கள் ஆதரிக்கவும் மாட்டோம்.

பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களையும் ஆலய நிர்வாகங்களையும் கேட்டுக்கொள்கிறோம்: வரும் பள்ளி விடுமுறையில் மண்டபத்தை ஒரு மாலை ஒதுக்கித் தாருங்கள். அப்பாமார் கட்டாயம் வரவேண்டும்.