மிச்சமான பத்து சதவீதம் பிளேயருக்குப் போகட்டும்

ப்ரொஜெக்டருக்கும் 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிக்கும் ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியிருக்கிறது. வரி சேர்க்காமல் ஐந்து லட்சம் விலையுள்ள ப்ரொஜெக்டரில் வாடிக்கையாளருக்கு 50,000 ரூபாய் மிச்சம். கொட்டேஷனைத் திருத்தும் இன்ஸ்டாலரின் கை உடனே இன்னும் பெரிய திரைக்கோ, கூடுதலாக இரண்டு சீலிங் ஸ்பீக்கருக்கோதான் போகும். அந்தப் பணம் டிஸ்க் பிளேயருக்குப் போக வேண்டும் என்பது இவ்விதழின் நிலை.

காரணம் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததே. 4கே ஸ்ட்ரீமுக்கு நெட்ஃப்ளிக்ஸ் கேட்பது 15 எம்பிபிஎஸ் இணைப்பு. 100 ஜிபி யுஹெச்டி டிஸ்க் 128 எம்பிபிஎஸ் வரை போகும். ஆடியோவிலோ டிஸ்க் பக்கம் இழப்பில்லாத ட்ரூஹெச்டி, ஸ்ட்ரீம் பக்கம் 768 கேபிபிஎஸ் தாண்டாத டால்பி டிஜிட்டல் பிளஸ். பத்தடித் திரையும் ஒன்பது ஸ்பீக்கரும் மாட்டிவிட்டு அதற்குள் சுருக்கிய சிக்னலை அனுப்புவதில் அர்த்தமில்லை.

அவசரமும் இருக்கிறது. ஓப்போ 2018 ஏப்ரலில் பிளேயர் கடையைக் கட்டியது. சாம்சங் 2019-இல் அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் இல்லை என்றது. எல்ஜி 2024 டிசம்பரில் விலகியது. ஒரு கம்பெனி விலகிவிட்டால் சில ஆண்டுகளில் அதன் லேசர் பிக்கப் கிடைப்பது குதிரைக்கொம்பு.

எதை வாங்குவது? ப்ரொஜெக்டர் அறைக்குப் பானாசோனிக். பெரும்பாலான ப்ரொஜெக்டர்கள் டால்பி விஷனை ஏற்பதில்லை; டோன் மேப்பிங்கைப் பிளேயரே செய்வது நல்லது. பானாசோனிக்கின் ஹெச்டிஆர் ஆப்டிமைசரில் 500 நிட், 350 நிட் என்று ப்ரொஜெக்டருக்கென்றே தனி அமைப்புகள் உண்டு. ஹெச்டிஎம்ஐ வழியாக ஏவிஆருக்குப் போகும் அறைக்கு யுபி820 போதும். யுபி9000-க்குக் கொடுக்கும் கூடுதல் காசு பெரும்பாலும் அதன் அனலாக் பகுதிக்கும் எக்ஸ்எல்ஆர் அவுட்டுக்கும்தான். அவற்றை இணைக்காதவர்களுக்கு அது வீண் செலவு. எஸ்ஏசிடி வைத்திருப்பவருக்கு யுபி9000 உதவாது. அவர்களுக்கு மேக்னடார் யுடிபி900 அல்லது சோனி. சோனி எக்ஸ்800எம்2-இல் டால்பி விஷனை டிஸ்க்குக்கு டிஸ்க் கையால் மாற்ற வேண்டும் என்பதை வாடிக்கையாளரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டியில் ரீஜனையும் பாருங்கள்: நமக்கு ப்ளூ-ரேயில் சி, டிவிடியில் 5. யுஹெச்டிக்கு அந்தத் தொல்லை இல்லை.

சரி, பிளேயர் வந்தாயிற்று. அதில் போட்டுக் காட்டத் தமிழ்ப் படம் எங்கே?

‘சிவாஜி’யின் 3டி பதிப்பு 2012-இல் அட்மாஸில் வந்தது, அடுத்த ஆண்டே ‘விஸ்வரூபம்’ ஆரோ 3டியில். ஒலியில் முந்திக்கொண்ட சினிமா டிஸ்க்கில் பின்தங்கிவிட்டது. டிவிடியை 34 ரூபாய்க்கு விற்ற மோசர் பேயர் 2018-இல் கலைப்புக்குப் போனது. அதன் பிறகு அந்த இடத்தை யாரும் நிரப்பவில்லை. தமிழ்நாடு அரசு 2004-இலேயே குண்டர் சட்டத்தில் வீடியோ திருடர்களைச் சேர்த்தது. திருட்டு டிஸ்க் விற்றவரைப் பிடித்து அடைக்க வழி செய்த அரசு, நல்ல டிஸ்க் ஒன்றாவது பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்ததாகத் தெரியவில்லை.

பத்திரப்படுத்தும் வழிக்கு இங்கேயே முன்மாதிரி உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில், தமிழ்ச் சமணர்களின் மடத்தில், ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. ஏடு செல்லரிப்பதற்குள் படியெடுப்பதும், படியெடுத்ததைச் சாத்திர தானமாகக் கொடுப்பதும் சமணர் மரபு. பூச்சியையும் ஈரத்தையும் தாண்டி நூல்கள் பிழைத்தது அப்படித்தான். டிஸ்க்குக்கு அந்த வழியும் அடைபட்டிருக்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் நுழைந்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கில் டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை என்கிறது. அதே திருத்தம் 52-ஆம் பிரிவில் பொது நூலகங்களுக்கு ஒரு சலுகை தந்தது: பாதுகாப்புக்காக மின்வடிவில் சேமித்துக்கொள்ளலாம், ஆனால் கையில் டிஜிட்டல் அல்லாத பிரதி இருக்க வேண்டும். காகிதம் அதில் அடங்கும். டிஸ்க் பிறப்பிலேயே டிஜிட்டல், ஆகவே அடங்காது. எது சீக்கிரம் பழுதாகுமோ, எதைப் படிக்கும் கருவியே சந்தையிலிருந்து மறைகிறதோ, அதையே சட்டம் வெளியே நிறுத்திவிட்டது. 2012 முதல் இது அப்படியே கிடக்கிறது.

1954-ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி அச்சாகும் ஒவ்வொரு புத்தகமும் சென்னைக் கன்னிமாரா நூலகத்துக்கு வர வேண்டும். எந்தச் சாதாரண கையேட்டுக்கும் அந்த மரியாதை உண்டு. நூற்றுக்கணக்கானவர்கள் உழைத்த ஒரு படத்தின் டிஸ்க்குக்குக் கிடையாது. இதைக் கேட்டால் திரைப்படம் வேறு துறை, நூலகம் வேறு துறை என்ற பதில்தான் வரும்.

பதிப்புரிமை, நூல் வழங்கல் ஆகிய இரண்டு சட்டங்களையும் திருத்தும் அதிகாரம் டெல்லியிடம் இருக்கிறது. கன்னிமாராவோ மாநில அரசின் கையில் இருக்கிறது. தமிழ்ப் பட ப்ளூ-ரேக்களை விலைக்கு வாங்கி அங்கே சேர்க்க எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டாம். ஓர் அரசாணை போதும். கூடவே யுபி820 இரண்டு வாங்கட்டும்: ஒன்று படம் போட, இன்னொன்று உதிரிப் பாகத்துக்கு.